சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு எங்கே, எப்படித் தங்குவது? (குன்னூரிலிருந்து, வயதான பெற்றோருடன்)

கேள்வி: அருவங்காட்டான்

வணக்கம். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறோம். நான்கு இரவு, பினாங்கு, ஃபூகெட் போய்விட்டு வியாழன் காலை மறுபடி சிங்கப்பூர். கப்பல் கிளம்பும் நேரம் மாலை 4.30 என்று போட்டிருக்கிறது. நான், அப்பா (71), அம்மா (66). அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

சனி இரவு கோவையில் விமானம் ஏறினால் ஞாயிறு விடியற்காலை சிங்கப்பூர். நேரே துறைமுகம் போய்விடலாம், ஓட்டல் செலவு எதற்கு என்கிறார் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் முன்னால் போவதென்றால் தங்குவது தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கமா, துறைமுகத்தை ஒட்டியா? மலையிலிருந்து இறங்குவதால் கோவையிலும் ஓர் இரவு தங்க வேண்டுமா? மறந்துபோகக்கூடிய விஷயம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில்: லேம்ப்ஸ்ராக்

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. 4.30 என்பது கப்பல் கயிறு அவிழ்க்கிற நேரம். செக்-இன் கவுன்டரை அதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியல் குடிநுழைவுத் துறைக்கு (இமிக்ரேஷன்) போய்விட்டால் அப்புறம் யார் கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். ஆக, உங்கள் கெடு மதியம் 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடிகாலை 5 மணிக்கு இறங்க வேண்டிய விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானாலும் கப்பலைப் பிடித்துவிடலாம். ஏஜென்ட் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறார். விமானம் ரத்தானால்? கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் வேளைக்கு ஒன்று கிடையாது. மறுநாள் போய்ச் சேரும்போது கப்பல் பினாங்கு வழியில் இருக்கும். பினாங்கில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குக் கப்பல் கம்பெனியின் சம்மதம் வேண்டும், விமான டிக்கெட் உங்கள் செலவு, வாரக் கடைசியில் மூன்று பேருக்கு இடம் கிடைக்க வேண்டும். முந்தின இரவு ஓட்டலுக்குக் கொடுப்பது ஊர் சுற்றுவதற்கான காசில்லை. ஒரு விமானம் ரத்தானாலும் அடுத்ததில் வந்து சேர வாங்குகிற ஒரு நாள் அது. கைநிறையச் செலவழித்து வாங்கிய கப்பல் டிக்கெட்டுக்கு அந்த ஒரு நாள் மலிவு.

அதனால் வெள்ளி இரவு விமானம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தேதியில் சறுக்குவார்கள். வெள்ளி இரவு ஏறினால் இறங்குவது சனி விடியற்காலை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஓட்டலுக்கு ஆறரைக்குப் போய் நின்றால் அறை மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். 71 வயதுக்காரரை ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வைத்து, லாபி சோபாவில் எட்டு மணி நேரம் உட்கார வைத்தால் கப்பல் ஏறும் முன்பே காய்ச்சல் வந்துவிடும். வெள்ளி இரவுக்கும் சேர்த்து இரண்டு இரவாக அறை போடுங்கள். செலவு கூடும், ஆனால் இறங்கின உடனே படுக்கலாம்.

இனி மலை. குன்னூரிலிருந்து கோவை விமான நிலையம் 70 கிலோமீட்டர் சுமார். சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம். டிசம்பர் விடுமுறையில் மேட்டுப்பாளையம் ஊருக்குள் வண்டி நின்றால் நான்கு மணி நேரம்கூட ஆகும். கூட்ட நாட்களில் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. குன்னூர்க்காரருக்கு அது இருபது கிலோமீட்டர் சுற்று. அதைவிடப் பெரிய கவலை வடகிழக்குப் பருவமழை. பர்லியாறு, காட்டேரி பக்கம் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ ரோடு மணிக்கணக்கில் மூடும். 2009 நவம்பரில் நாள் கணக்கில் மூடியது. கோத்தகிரி ரோடும் மூடினால் மிச்சமிருப்பது மஞ்சூர், கெத்தை, முள்ளி, காரமடை வழி. 43 கொண்டை ஊசி, நடுவே வனத்துறை செக்போஸ்ட். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

விமானம் இரவு என்பதால் கோவையில் தனியாக ஓர் இரவு தங்கத் தேவையில்லை. வெள்ளி காலை 9 மணிக்கு இறங்குங்கள். பீளமேடு, சித்ரா பக்கம் பகல் அறை எடுத்து மதியம் முதல் மாலை வரை பெரியவர்கள் படுக்கட்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே போனால் போதும். ஒரே நிபந்தனை: புதன், வியாழனில் நீலகிரிக்கு வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் வியாழன் மதியமே இறங்கிவிடுங்கள். அதனால் பகல் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ரத்து செய்யக்கூடிய புக்கிங்காக வியாழன் இரவுக்கே போட்டுவைத்து, வானம் தெளிவாக இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி உள்ளூர் டாக்சியாக இருக்கட்டும். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். கோவையிலிருந்து டாக்சியை மேலே வரச் சொன்னால் கல்லாறு செக்போஸ்ட்டில் அவர் நின்றுகொண்டிருக்க, நீங்கள் வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருப்பீர்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. டிரைவரிடம் துடியலூரில் திரும்பி, சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போகச் சொல்லுங்கள். காந்திபுரத்துக்குள் நுழைய வேண்டாம்.

மலை ரயிலில் இறங்கலாம் என்று அம்மா ஆசைப்படுவார். வேண்டாம். மழைக்காலத்தில் முதலில் ரத்தாவது அதுதான்.

பதில்: தேக்காவாசி

சிங்கப்பூர் பக்கத்தை நான் சொல்கிறேன். ஓட்டல் தேடும் முன் உங்கள் வவுச்சரில் எந்த முனையம் என்று பாருங்கள். இங்கே இரண்டு இருக்கின்றன. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மரினா பே குரூஸ் சென்டர், முகவரி 61, மரினா கோஸ்டல் டிரைவ். இன்னொன்று ஹார்பர்ஃப்ரன்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர், 1, மாரிடைம் ஸ்குவேர். டாக்சியில் ஏறி "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் எங்கே போவீர்கள் என்பது ஓட்டுநரின் ஊகம். பெயரையும் முகவரியையும் காட்டுங்கள். ஹார்பர்ஃப்ரன்ட்டிலேயே இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் படகுகளுக்குத் தனி வரிசை உண்டு. அந்த வரிசையில் பெட்டியோடு நின்று நேரத்தை விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஹார்பர்ஃப்ரன்ட் என்றால் தேக்காவுக்கு நிகரே இல்லை. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு நிலையங்களும் வடகிழக்குப் பாதையில். அதே ரயிலின் கடைசி நிலையம் ஹார்பர்ஃப்ரன்ட். மாறவே வேண்டாம். மரினா பே முனையம் என்றால் டோபி காட்டில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதைக்கு மாறி, மரினா சவுத் பியர் வரை போக வேண்டும். டோபி காட்டில் அந்த மாற்றம் பூமிக்கடியில் நீண்ட நடை. முழங்கால் வலிக்காரருக்கும் மூன்று பெட்டிக்கும் அது ஆகாது. டாக்சி எடுங்கள், கால் மணியிலிருந்து இருபது நிமிடம்.

சாதாரண டாக்சியில் நான்கு பேர் உட்காரலாம்தான். ஆனால் மூன்று பெரிய பெட்டி டிக்கியில் அடங்காது. செயலியில் ஆறு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுங்கள். விமான நிலையத்திலிருந்து மீட்டர் டாக்சி எடுத்தால், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாகச் சேரும். நீங்கள் இறங்குவது ஐந்து மணி. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து ஒரு தேநீர் குடித்தால் ஆறு தாண்டிவிடும்.

தேக்காவில் இன்னொரு பிடிமானம், அப்பா அம்மாவுக்குப் பேச்சுத் துணை. கடைப் பலகையில் தமிழ், மருந்துக் கடையில் தமிழ். சைவ உணவுக்குச் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயிலும் அதே சாலைதான். மதியம் நடை சாத்தியிருக்கும், மாலையில் போங்கள். சனி மாலை இவ்வளவு போதும். மரினா பே, சென்டோசா என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம். குன்னூர்க் குளிரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊர்ப் புழுக்கம் முதல் நாள் தலை சுற்ற வைக்கும். டிசம்பரில் மதியத்துக்கு மேல் அடித்துப் பெய்யும். அங்கே உங்கள் ரோட்டில் மண்ணைச் சரிக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும். குடை கைப்பையில் இருக்கட்டும்.

பதில்: பழைய_பாஸ்போர்ட்

தேக்கா சரி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு புக் பண்ண வேண்டாம். அங்கே விலை குறைந்த ஓட்டல்கள் பல பழைய கடைவீடுகள், அதாவது கீழே கடை, மேலே வீடு என்று கட்டினவை. லிப்ட் இருக்காது, குறுகின மரப்படியில் மூன்றாம் மாடி. அறை 120 சதுர அடி இருந்தால் பெரிது. ஜன்னலே இல்லாத அறையும் நிறைய. விளம்பரத்தில் ஓரமாகச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். புக் செய்யும் முன் மூன்று கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: லிப்ட் உண்டா, அறையில் ஜன்னல் உண்டா, குளியலறைக்குள் படி உண்டா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. முழங்கால் வலிக்காரர் ராத்திரி தடுக்கி விழுவது அந்தப் படியில்தான். ஃபேரர் பார்க் பக்கம் புதிதாகக் கட்டிய ஓட்டல்களில் லிப்ட் இருக்கும். மூன்று பேருக்கு ஒரே அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் மூன்றாமவருக்கு நடக்க இடமிருக்காது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை கேளுங்கள்.

லேம்ப்ஸ்ராக் சொன்ன இரண்டு இரவுக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளி இரவுக்கு அறை போட்டுவிட்டு சனி காலை ஆறரைக்குப் போனால், வெள்ளி நள்ளிரவிலேயே நீங்கள் வரவில்லை என்று குறித்து முழு புக்கிங்கையும் ரத்து செய்துவிடலாம். காசும் போகும், அறையும் போகும். அதனால் "சனிக்கிழமை காலை 6.30க்கு வருகிறோம், விமான எண் இது, வெள்ளி இரவுக்கான அறையை வைத்திருங்கள்" என்று ஓட்டலுக்கே நேரடியாக எழுதிப் பதில் வாங்குங்கள். புக்கிங் தளத்தில் குறிப்புப் பெட்டியில் எழுதினால் மட்டும் போதாது.

இப்போது தாள் விஷயம். கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், வியாழன் திரும்ப நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால் கப்பல் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். விசா கையில் வந்ததும் பலமுறை நுழைவு என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும்.

எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூர் வருகை அட்டை) என்று ஒன்று உண்டு. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வருகிற தளங்களில் சில காசு கேட்கும். அவை அரசுத் தளமில்லை. கப்பலில் திரும்பி வரும்போது இதை இன்னொரு முறை நிரப்ப வேண்டும். முதல் முறை நிரப்பினது செல்லாது. கடலில் இணையம் காசு, ஆகவே ஃபூகெட்டில் கரை இறங்கும்போதே முடித்துவிடுங்கள். மலேசியா, தாய்லாந்து நுழைவு விதிகளைக் கப்பல் கம்பெனி மின்னஞ்சலில் அனுப்பும். அதை மட்டும் பின்பற்றுங்கள். வாட்ஸ்அப் பார்வர்டுகளை நம்பினால் தலைவலி.

அடுத்து நம் ஊருக்கே உரிய தொல்லை: இனிஷியல். அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறதா? விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பல் டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி என்று ஏஜென்ட் போட்டுவைத்தால் கவுன்டரில் முப்பது நிமிடம் போகும். சர்நேம் காலி என்றால் என்ன போட வேண்டும் என்று விமானக் கம்பெனி, கப்பல் கம்பெனி இரண்டிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் இப்போது சுலபம், கிளம்பும் வாரத்தில் கட்டணம்.

பதில்: அருவங்காட்டான்

ரொம்ப நன்றி. முனையம் மரினா பே. அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் காலிதான், விமான டிக்கெட்டில் இனிஷியலை விரித்து தாத்தா பெயரைப் போட்டிருக்கிறார்கள்! இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன். ஞாயிறு காலை எத்தனை மணிக்கு ஓட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும்? அம்மா வர்க்கி, சாக்லேட், தைலம், அரைத்த மசாலா என்று ஒரு பெட்டியே கட்டுகிறார். என்னென்ன விடுவார்கள்?

பதில்: தேக்காவாசி

ஆன்லைன் செக்-இன் செய்யும்போது துறைமுகத்துக்கு வரவேண்டிய நேரம் கொடுப்பார்கள். சீக்கிரம் செய்தால் சீக்கிர நேரம் கிடைக்கும். மதியம் 12 அல்லது 12.30 எடுங்கள். ஓட்டல் காலி செய்யும் நேரம் 11 அல்லது 12 என்பதால் இரண்டும் தானாகவே பொருந்தும். நடுவே பெட்டியோடு எங்கும் உட்கார வேண்டாம். பத்து மணிக்கே போய் நின்றால் வாசலில் கூட்டம், 2 மணிக்குப் போனால் கடைசி நேர நெரிசல். 12.30க்குப் போனால் மதியச் சாப்பாடு கப்பலிலேயே, அதுவும் டிக்கெட்டில் சேர்ந்தது. ஞாயிறு மாலை தேக்காவில் நடக்க இடமிருக்காது. அதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், நல்லது.

பெரிய பெட்டிகளை முனைய வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும், சிலசமயம் இரவு. ஆகவே பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, ஒரு மாற்று உடை, அப்பாவின் முழங்கால் பட்டை எல்லாம் கைப்பையில். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வாசலில் தேடுகிறவர்கள் ஒவ்வொரு கப்பலுக்கும் இருப்பார்கள். பெட்டியில் மாட்டும் அட்டைகளை (லக்கேஜ் டேக்) ஊரிலேயே அச்செடுத்து, ஸ்டேப்ளர் ஒன்றையும் கையில் கொண்டுவாருங்கள். ஓட்டலில் கேட்டால் கிடைக்கும், ஆனால் ஆறு பேர் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இனி அம்மாவின் பெட்டி. வர்க்கியும் சாக்லேட்டும் வரலாம். சாக்லேட் இந்த வெயிலில் கூழாகிவிடும் என்பது வேறு. மசாலாவில் கசகசா இருந்தால் வேண்டாம். இங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். தைலம் கைப்பையில் 100 மில்லிக்குள். கண்ணாடிக் குப்பியாக இருந்தால் இறுக்கி மூடி இரட்டைப் பையில் போடுங்கள், கசிந்தால் பயணம் முழுக்கத் தொட்டபெட்டா வாசம். சூயிங் கம் வேண்டாம். மின்சிகரெட் யாரிடமாவது இருந்தால் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். சாதாரண சிகரெட்டுக்கும் வரிவிலக்கு கிடையாது, ஒரு பெட்டியானாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

மருந்துதான் முக்கியம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வரட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் இங்கத்திய சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் மாற்று கேட்பது சுலபம்.

பதில்: லேம்ப்ஸ்ராக்

மேலே சொன்னதோடு சில. விமானக் கம்பெனியிடம் அப்பாவுக்குச் சக்கர நாற்காலியை இரண்டு நாளாவது முன்னால் சொல்லுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நடை நிறைய. கப்பல் கம்பெனியிடமும் தனியாகக் கேட்க வேண்டும், ஒன்றில் சொன்னது இன்னொன்றுக்குப் போகாது.

நம் மூன்று முள் பிளக் சிங்கப்பூர் சாக்கெட்டில் நுழையாது, அங்கே சதுர முள். அடாப்டர் ஒன்று கோவையிலேயே வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் கப்பலில் பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

கார்டு: வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் குன்னூரிலேயே திறந்துவையுங்கள். ஓட்டலிலும் கப்பலிலும் முன்பிணையாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு, பாரெக்ஸ் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் பல நாள் முடங்கும். இந்த இரண்டுக்கும் கிரெடிட் கார்டு. ரயிலில் கார்டைத் தட்டி ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு நாளுக்கு 60 சிங்கப்பூர்க் காசு கட்டணம் சேரும், பெரிதில்லை. ஓடிபி வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மை அணைக்காதீர்கள். கப்பல் நகர்ந்ததும் மட்டும் போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் அது கடல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டணம் எகிறும்.

ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் கழற்றிப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். விமானத்திலும் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்திலும் ஏசி நம் ஊர் ஜனவரி மாதிரி இருக்கும்.

மலைப் பாதையில் அம்மாவுக்குக் குமட்டுமா? டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை. அதே மாத்திரையில் நான்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான தண்ணீர், கொண்டை ஊசியைத் தாங்கினவருக்கு அது தொட்டில்தான்.

திரும்பும்போது வியாழன் காலை கப்பல் கரை சேர்ந்தாலும் வெளியே வர 9, 10 ஆகும். மதியம் 1 மணிக்கு முன்னால் விமானம் போடாதீர்கள். கோவையில் இரவு இறங்கினால் மலை ஏற வேண்டாம். டிசம்பர் ராத்திரியில் பர்லியாறுக்கு மேலே பனிமூட்டத்தில் டிரைவருக்கு முன் வண்டியின் விளக்குகூடத் தெரியாது. அன்றைக்குக் கோவையில் படுத்து, காலை 7 மணிக்கு ஏறுங்கள்.

பதில்: அருவங்காட்டான்

வெள்ளி காலை 9 மணிக்கு டிஎன் 43 டாக்சி சொல்லிவிட்டேன். கோவை அறை வியாழன் இரவுக்கு, ரத்து செய்யக்கூடியதாகப் போட்டிருக்கிறேன். ஃபேரர் பார்க் பக்கம் இரண்டு ஓட்டலுக்கு லிப்ட், ஜன்னல், குளியலறைப் படி மூன்றும் கேட்டு எழுதினேன். ஒன்றில் படி இருக்கிறதாம். இன்னொன்றின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.